நடுக்குவாதம் கண்ட நல்லறிஞர் ஜேம்ஸ் பார்க்கின்சன்

சிலருடைய பெயர் அவர்கள் செய்த நற்பணியோடு சேர்ந்து நிலைத்துவிடுகிறது. பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைத்துத் தாமிரபரணியின் மேல் நிற்கும் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், தம் சொந்தப் பொருளைக் கொடுத்து 1843ஆம் ஆண்டில் அதைக் கட்டுவித்த சுலோச்சன முதலியாரை நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒருவருடைய பெயர் ஒரு நோயின் பெயராகிவிட்டால் அவர் நிலை வேறு. பெயர் எல்லார் வாயிலும் இருக்கும். மனிதரை எவரும் அறியார்.

பார்க்கின்சன் என்ற பெயர் அப்படிப்பட்டது. ஹைகிரவுண்டு மருத்துவமனையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் சிற்றூர் முதியவரும் இன்று அச்சொல்லைச் சொல்கிறார். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. அம்மனிதர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். ஆட்சியாளரை எதிர்த்துத் துண்டு நூல்கள் எழுதியவர். கற்களில் புதைந்த உயிர்களை ஆராய்ந்தவர். இவ்வளவும் செய்த பிறகே, தம் 62ஆம் வயதில், தம் பெயரை நிலைநிறுத்திய சிறு நூலை அவர் எழுதினார். அந்நூலில் அவர் சரியாகக் கண்டவை பல. ஒன்றை மட்டும் அவர் சரியாகக் காணவில்லை. அந்த ஒன்று என்ன, அது எப்படித் திருத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் வரலாறு முழுமை பெறும்.

பிறப்பும் கல்வியும்

இலண்டன் மாநகரின் வடகிழக்கே உள்ள ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில், 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்தார். தந்தை ஜான் பார்க்கின்சன் மருந்து செய்து கொடுப்பவர். அறுவை மருத்துவமும் அறிந்தவர். அக்காலத்து இங்கிலாந்தில் மருத்துவர்களுக்குள்ளேயே மேல் கீழ் என்ற வகுப்புகள் இருந்தன. பல்கலைக்கழகத்தில் பயின்று இலத்தீன் மொழியில் புலமை பெற்றவர்கள் மேல்தட்டு. செல்வர் வீடுகளுக்கு அவர்களே செல்வார்கள். அறுவை மருத்துவர்கள் அதற்கு அடுத்த படி. மருந்தை இடித்துக் கலந்து தாமே நோயாளிக்கும் கொடுப்பவர்கள் கடைசிப் படி. நம் பக்கத்து நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பதும் சூரணம் இடிப்பதும் தாமே செய்வதைப் போன்றது அவர்கள் தொழில். பார்க்கின்சன் குடும்பம் இந்தக் கடைசிப் படியில் இருந்தது. அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர்.

தந்தையிடம் தொழில் பயின்ற அவர், 1776ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையில் ஆறு மாதம் பயிற்சி பெற்றார். 1783ஆம் ஆண்டு மேரி டேல் என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டு தந்தை மறைந்தார். அதே ஆண்டில் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்ற மகன் தொழிலை ஏற்றுக்கொண்டார். தகுதி கிடைத்ததும் படிப்பு முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. 1785ஆம் ஆண்டில், அந்நாளில் இணையற்ற அறுவை மருத்துவராக விளங்கிய ஜான் ஹண்டரின் சொற்பொழிவுகளுக்குச் சென்று, கேட்டவற்றையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்புகளை அவருடைய மகன் 1833ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நாம் வகுப்பில் எழுதும் குறிப்பு தேர்வு முடிந்த மறுநாள் எங்கே போகிறது என்பதை நினைத்தால், அவர் உழைப்பின் அருமை விளங்கும்.

மருத்துவ மாணவர்களுக்கென்றே 1800ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியை மருந்து கலப்பதிலேயே கழிக்கவைக்கும் பழைய முறையை அதில் அவர் கண்டித்தார். சுருக்கெழுத்து தெரிந்திருப்பது மருத்துவ மாணவனுக்கு இன்றியமையாதது என்றும் வற்புறுத்தினார்.

ஏழைகளின் மருத்துவர்

பார்க்கின்சன் சிறுவராயிருந்தபோது தோட்டங்களோடு கூடிய அமைதியான பகுதியாக இருந்த ஹாக்ஸ்டன், அவர் கண்முன்னே மாறிற்று. வேலை தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கமான வீடுகளில் குடியேறின. மனநோயாளரை அடைத்து வைக்கும் தனியார் விடுதிகளும் அப்பகுதியில் மிகுதி. அத்தகைய விடுதி ஒன்றில் அவர் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினார். அவ்விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் பற்றி 1811ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதினார்.

எந்த நோய்க்கு வீட்டிலேயே மருந்து செய்துகொள்ளலாம், எப்போது மருத்துவரை உடனே அழைக்கவேண்டும் என்பதை எளிய குடும்பங்களுக்கு விளக்கும் நூல்களை 1799, 1800ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்டார். சிறுவர்கள் விளையாட்டில் காயம்படாமல் இருக்க அவர்களுக்கென்றே ஒரு கதை நூல் எழுதினார். தந்தைக்கும் தமக்கும் இருந்த கீல்வாத நோயைக் கூட விட்டுவைக்காமல் ஆராய்ந்து 1805ஆம் ஆண்டில் நூலாக்கினார். குடல்வால் வெடித்து ஒரு சிறுவன் இறந்ததைப் பற்றி அவர் மகன் எழுதிய கட்டுரை, தந்தை வழியாக 1812ஆம் ஆண்டில் மருத்துவச் சங்கத்துக்குச் சென்றது. இன்று நாம் அப்பெண்டிசைட்டிஸ் என்று சொல்லும் நோயைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த மிகப் பழைய குறிப்புகளுள் அது ஒன்று.

ஆட்சியாளர் முன் நின்ற வைத்தியர்

பிரெஞ்சுப் புரட்சியின் வெப்பம் இங்கிலாந்தையும் தாக்கிய காலம் அது. சாதாரண மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும், ஏழையின் மேல் வரிச்சுமை குறையவேண்டும் என்று கோரிய சங்கங்களில் பார்க்கின்சன் சேர்ந்தார். கிழவர் ஹியூபர்ட் என்ற புனைபெயரில் துண்டு நூல்கள் எழுதினார். இரத்தம் சிந்தாமலே சீர்திருத்தம் நிகழமுடியும் என்பதே அவர் எழுத்தின் சாரம்.

1794ஆம் ஆண்டில் அவருடைய சங்கத்தைச் சேர்ந்த சிலர் மீது, நஞ்சு தோய்ந்த அம்பை ஒரு விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்லத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவ்வழக்கில் பார்க்கின்சன் அரசவைக் குழுவின் முன் விசாரிக்கப்பட்டார். விசாரித்தவர்களுள் தலைமை அமைச்சர் வில்லியம் பிட்டும் இருந்தார். தாமே எழுதிய துண்டு நூல்களைத் தம்முடையவை என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் தம்மைத் தாமே குற்றவாளியாக்கும் கேள்விகளுக்கு விடையளிக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று உறுதியாக நின்றார். வழக்கில் சிக்கியவர்கள் இறுதியில் விடுதலை பெற்றனர்.

1908ஆம் ஆண்டு மார்ச்சில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானபோது கொதித்தெழுந்த ஊர் நம் நெல்லை. ஆட்சியாளர் முன் ஒரு மனிதன் நேர்நின்று பேசுவதன் விலை என்ன என்பது நம் ஊருக்குத் தெரியும். இன்னொரு செய்தியும் நம்மைத் தொடுகிறது. பார்க்கின்சனை விசாரித்த அதே பிட் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1799ஆம் ஆண்டு அக்டோபரில், கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டில் பார்க்கின்சன் ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவ நூலை அச்சிட்டுக்கொண்டிருந்தார்.

கல்லில் கண்ட உயிர்கள்

அரசியலிலிருந்து ஒதுங்கிய பின் அவர் மனம் மண்ணுக்கடியில் சென்றது. பழங்காலத்து உயிரினங்கள் பாறைகளில் விட்டுச் சென்ற படிவங்களைத் திரட்டினார். 1804, 1808, 1811ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக, அழகிய வண்ணப் படங்களோடு அவர் வெளியிட்ட நூல் அத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று. 1807ஆம் ஆண்டு இலண்டன் நிலவியல் கழகத்தைத் தோற்றுவித்த பதின்மூவருள் அவரும் ஒருவர். நம் அரியலூர்ப் பகுதியில் கிடைக்கும் சுருள் வடிவப் புதைபடிவங்களை நிலவியல் மாணவர்கள் கண்டிருப்பார்கள். அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பேரினத்துக்குப் பார்க்கின்சோனியா என்று அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள். அரசு அறுவை மருத்துவர் கல்லூரி தன் முதல் பொற்பதக்கத்தை அவருக்கு வழங்கியதும் இந்தப் படிவ ஆராய்ச்சிக்காகத்தான், நடுக்குவாதத்துக்காக அன்று. வாழ்ந்த காலத்தில் அவரை உலகம் கல் ஆராய்ந்தவராகவே அறிந்திருந்தது.

இந்த ஆராய்ச்சி அவருடைய மருத்துவத்துக்குப் புறம்பானதன்று. உடைந்த ஓட்டுத் துண்டுகள் நான்கை வைத்துக்கொண்டு, அவை ஒரே உயிரின் பகுதிகளா, வேறு வேறு உயிர்களுடையவையா என்று கண்டுபிடிப்பது படிவ அறிஞரின் வேலை. நடுக்கம், தள்ளாட்டம், குனிவு, விரைந்த நடை என்று தனித்தனியே கிடந்த குறிகளை ஒரே நோயின் பகுதிகளாக அவர் சேர்த்துப் பார்த்ததும் அத்தகைய வேலையே.

தெருவே ஆய்வுக்கூடம்

1817ஆம் ஆண்டில் நடுக்குவாதம் பற்றிய அவருடைய கட்டுரை நூல் வெளிவந்தது. அறுபத்தாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். அதில் அவர் காட்டும் நோயாளிகள் ஆறு பேர். அந்த ஆறு பேரிலும் எல்லாரும் அவருடைய மருந்தகத்துக்கு வந்தவர்கள் அல்லர். இருவரை அவர் தெருவில் தற்செயலாகச் சந்தித்துப் பேச்சுக் கொடுத்தார். அவர்களுள் ஒருவர் கப்பலோட்டியாக வாழ்ந்தவர். மற்றொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. அந்த மனிதரால் நடக்க முடியவில்லை, ஓடத்தான் முடிந்தது. உதவியாள் ஒருவர் முன்னே நின்று அவர் தோள்களைப் பிடித்து மெல்ல அசைத்துவிட்டுப் பின்வாங்க, அவர் சிற்றோட்டமாக முன்னே பாய்வார். விழாமல் தாங்க உதவியாள் முன்னாலேயே ஓடவேண்டும்.

கருவிகள் எவையும் இல்லாமல், கண்ணையும் காதையும் பொறுமையையும் கொண்டே அவர் நோயின் முழுப் போக்கையும் வரைந்தார். ஒரு கையில் சிறு நடுக்கமாகத் தொடங்குகிறது. கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம். வேலை செய்யும்போது தணிகிறது. மாதங்கள் கழித்து மற்ற உறுப்புகளுக்குப் பரவுகிறது. எழுத்து தடுமாறுகிறது. உணவை வாய்க்குக் கொண்டுபோவது கடினமாகிறது. உடல் முன்னே வளைகிறது. நடை ஓட்டமாகிறது. மலச்சிக்கலும் உறக்கக் கேடும் வருகின்றன. பேச்சு தெளிவிழக்கிறது. நோய் மிக மெல்ல வருவதால் அது எப்போது தொடங்கிற்று என்று நோயாளிக்கே சொல்லத் தெரிவதில்லை என்பதையும் அவர் குறித்தார். பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர் ஒருவருக்கு இந்நோய் வந்தால், முதல் ஆண்டில் அவர் தம் விரலைக் குறை சொல்வதில்லை. கோரையைத்தான் குறை சொல்வார்.

நடுக்கத்தை அவருக்கு முன்பும் மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆயுர்வேதம் கம்பவாதம் என்கிறது. 1964ஆம் ஆண்டு முதல் பாளையங்கோட்டையில் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் நடுக்குவாதம் என்ற பெயரை நன்கறிவர். முன்னோர் எழுதியவற்றைப் பார்க்கின்சனும் தேடிப் படித்தே எழுதினார். அவர் செய்த புதுமை, குறிகளின் வரிசையையும் அவற்றின் போக்கையும் காட்டியது.

அவர் காணாத ஒன்று

நோயின் இலக்கணத்தை வகுக்கும் இடத்தில் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் இந்நோயால் ஊறுபடுவதில்லை என்று எழுதினார். கடைசிக் கட்டத்தில் உறக்க மயக்கமும் சிறிது பிதற்றலும் வருவதைக் குறித்த அவரே, பொதுவாக அறிவு கெடுவதில்லை என்று கொண்டார். இக்கருத்து நூற்றாண்டுக்கு மேல் பாடநூல்களில் நிலைத்திருந்தது.

அவருடைய காரணத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். நடையைத் தெருவில் நின்று பார்க்கலாம். சிந்தனையை அப்படிப் பார்க்க இயலாது. இந்நோயில் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் நினைவாற்றல் அன்று. பேரன் பெயரும் ஊர்ப் பெயரும் பழங்கதைகளும் நன்றாகவே நினைவிருக்கும். திட்டமிடுதல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல், கவனத்தை நிறுத்துதல், இடமும் தொலைவும் மதிப்பிடுதல் ஆகியவையே முதலில் தளர்கின்றன. ஐம்பது பேருக்கு விருந்து சமைத்த கைக்காரி, உலையை ஏற்றிவிட்டு அடுத்து எதை அரைப்பது என்று அடுப்படியில் நிற்கிறார். கடைக்கணக்கை மனத்திலேயே போட்டவர், நான்கு எண்களைக் கூட்டத் தாளை வைத்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருக்கிறார். கேட்ட கேள்விக்கு விடை வரும்; ஆனால் சற்றுத் தாமதித்து வரும். தெருவில் இரண்டு நிமிடம் பேசுகிறவருக்கு இது புலப்படாது. கூடவே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்; அவர்களோ அதைப் பிடிவாதம் என்றும் சோம்பல் என்றும் எண்ணிவிடுகிறார்கள்.

நோயின் இருப்பிடம் பற்றியும் பார்க்கின்சன் ஓர் ஊகம் செய்தார். கழுத்துப் பகுதியில் உள்ள தண்டுவடத்தில், அதன் மேல் முனையில் கோளாறு இருக்கலாம் என்றார். எந்த நோயாளியின் உடலையும் இறந்தபின் அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இது ஊகமே என்று வெளிப்படையாகச் சொல்லி, உடற்கூறு ஆராய்வோர் இதனைத் தேடவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இந்த வேண்டுகோளே அந்நூலின் உயிர்நாடி என்று கருதலாம். தாம் எழுதியது முடிந்த முடிபு என்று அவர் கதவை அடைக்கவில்லை.

அவருக்குப் பின்

1824ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போய், பக்கவாதத்தால் பார்க்கின்சன் காலமானார். ஷோர்டிச் பகுதியின் புனித லெனார்டு தேவாலயத்தில்தான் அவருக்குத் திருமுழுக்கும் திருமணமும் நடந்தன; அங்கேயே அடக்கமும் நடந்தது. கல்லறை எந்த இடத்தில் என்று இன்று தெரியவில்லை. அவருடைய உருவப்படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றும் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்துப் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்கோ அந்தச் சிறு நூலின் அருமையை உணர்ந்து, நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார். நோயாளியின் மனமும் ஒரு கட்டத்தில் மங்குவதுண்டு என்பதை முதலில் எடுத்துச் சொன்னவர்களுள் ஷார்கோவும் அவர் தோழர் வல்பியானும் இருந்தனர். 1912ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லூயி நோயாளிகளின் மூளை உயிரணுக்களுக்குள் விந்தையான உருண்டைகளைக் கண்டார். 1919ஆம் ஆண்டில் டிரெட்டியாகாஃப், நடுமூளையில் கரும்பொருள் என வழங்கும் பகுதி அழிவதே இந்நோயின் அடிப்படை என்று காட்டினார். நோயின் இருப்பிடம் தண்டுவடத்தில் அன்று, அதற்கு மேலே மூளையில் என்பது தெளிவாயிற்று. அப்பகுதியில் சுரக்கும் டோபமைன் என்னும் பொருள் இந்நோயாளிகளிடம் மிகக் குறைந்திருப்பதை 1960ஆம் ஆண்டில் வியன்னாவில் ஹோர்னிகிவிச் மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டே, உடலுக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது.

இங்கே நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. புதரோரங்களில் படர்ந்து, தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கவைக்கும் பூனைக்காலிக் கொடியை நம் கிராமங்களில் அறியாதார் குறைவு. அதன் விதையிலிருந்து 1937ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அப்பொருள் நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை உலகம் அறிய மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அதற்காக விதையைப் பறித்து நாமே இடித்து உண்ணலாகாது. அளவு தெரியாமல் உண்டால் தீங்கு விளையும். மருத்துவர் தரும் மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும்.

லெவோடோபா கைகால்களை இளக்கிற்று. நடக்க முடியாதவர் நடந்தார். பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார். வாழ்நாள் நீண்டபோதுதான் பார்க்கின்சன் காணாத குறை பெரிதாக வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்த 30 பேரில் 83 விழுக்காட்டினருக்கு அறிவு மங்கிய நிலை வந்திருந்தது. அண்மைக்கால ஆய்வுகளில் இவ்வளவு உயர்ந்த அளவு காணப்படவில்லை என்பது ஆறுதல். ஆயினும் அறிவு ஊறுபடுவதில்லை என்று இனி எவரும் எழுத இயலாது.

முதுகுத்தண்டு நீர் சொல்லும் செய்தி

அப்படியானால் எந்த நோயாளிக்கு அறிவு மங்கும், எவருக்கு மங்காது, எப்போது மங்கும் என்பதை முன்கூட்டி அறிய வழி உண்டா? வாழும் மனிதரின் மூளையை எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்தவர் உடலில் அது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு நாளில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரந்து பழையது நீங்கிப் புதியது நிறைகிறது. 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியில் குவிங்கே என்பவர் இடுப்புக்கு மேலே முதுகெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி இந்நீரை எடுக்கும் முறையைக் கண்டார்.

முதுகில் தண்ணீர் எடுப்பது என்றாலே நம் மக்கள் அஞ்சுகிறார்கள். கால் போய்விடும் என்பார்கள். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்குக் கீழே. சிலருக்குச் சில நாள் தலைவலி வருவதுண்டு. ஊசி போடலாமா என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, பயிற்சி பெற்றவர் செய்தால் பெருங்கேடு வருவது அரிது.

மேலே நிகழ்வதைக் கீழே எடுத்த நீர் எப்படிக் காட்டும் என்று ஐயம் எழலாம். நம் தாமிரபரணியையே எண்ணிப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம் அணையில் ஒரு குடம் நீரை மொண்டு பார்த்து, மேலே பொதிகையில் மழையா, வழியில் எந்த வாய்க்காலின் கழிவு கலந்தது என்று சொல்ல முடியுமல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

அந்நீரில் அறிஞர்கள் தேடும் பொருள்களுள் ஒன்று அமிலாய்டு பீட்டா 42 என்னும் புரதம். அது மூளையிலேயே படிந்துவிட்டால், நீரில் வந்து சேரும் அளவு குறைகிறது; மேலணையில் வண்டல் தங்கிவிட்டால் கீழே தெளிநீர் வருவது போல. நோயாளியின் தண்டுநீரில் இப்புரதம் குறைந்திருந்தால் அவருடைய அறிவாற்றல் விரைவாகத் தளரும் வாய்ப்பு மிகுதி என்பதை 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் காட்டினர். பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதையொட்டியே அமைந்தன. நரம்பிழைகள் சிதையும்போது, நைந்த கயிற்றிலிருந்து நார் உதிர்வது போல, நரம்பிழைப் புரதம் ஒன்று நீரில் கலக்கிறது. அதன் அளவு கூடினால் சிதைவு விரைகிறது என்று பொருள்.

இன்னொன்று ஆல்பா சைனூக்ளின். லூயி கண்ட உருண்டைகளில் நிறைந்திருப்பது இப்புரதமே என்பது 1997ஆம் ஆண்டில் தெரியவந்தது. முறுக்குப் பிறழ்ந்த இப்புரதம் அருகிலுள்ள நல்ல புரதத்தையும் தன் வடிவுக்கு மாற்றிவிடுகிறது. ஒரு சொட்டு உறைமோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவதை நம் வீடுகளில் நாள்தோறும் காண்கிறோம். அதே முறையில், நல்ல புரதம் உள்ள குழாயில் நோயாளியின் தண்டுநீரைச் சில துளி விட்டு, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். 1,123 பேரிடம் செய்த இச்சோதனையின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயாளர்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினரிடம் உறைந்தது. நலமாக இருந்தவர்களில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினரிடம் உறையவில்லை.

இச்சோதனைகளுக்கும் எல்லை உண்டு. உறைமோர்ச் சோதனை நோய் உண்டா என்பதைச் சொல்லுமே தவிர, அறிவு எப்போது மங்கும் என்று நாள் குறிக்காது. அமிலாய்டு குறைந்தவர் எல்லாருக்கும் அறிவு மங்குவதில்லை. குறையாதவர் எல்லாரும் தப்புவதும் இல்லை. கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கை ஒரு தனி மனிதர் மீது அப்படியே சுமத்த முடியாது. இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே பயன்படுகின்றன. நம் ஊர் மருத்துவர் இன்றும் நோயாளியை நடக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கடிகார முகம் ஒன்றை வரையச் சொல்லி, வீட்டாரைக் கேட்டுத்தான் நோயைத் தீர்மானிக்கிறார். அது பார்க்கின்சன் தெருவில் செய்ததன் தொடர்ச்சியே.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுக்கிறார். நோய் இன்னதென்று அறிவது முதல். அதன் காரணத்தை அறிவது அடுத்து. தணிக்கும் வழியைத் தேடுவது அதன் பின். பார்க்கின்சன் முதற்படியைச் செம்மையாகச் செய்தார். இரண்டாம் படியில் இன்று ஏறிக்கொண்டிருக்கிறோம். நோயை அடியோடு நிறுத்தும் மருந்து என்ற மூன்றாம் படி இன்னும் மேலேதான் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

நம்மில் பெரும்பாலோர் மருத்துவர் ஆகப்போவதில்லை. ஆனால் நம் எல்லார் வீட்டிலும் முதியவர்கள் இருக்கிறார்கள். கை நடுங்கும் தாத்தா பேச்சில் தாமதித்தால், தேர்ந்த சமையற்காரியான ஆச்சி அடுப்படியில் திகைத்து நின்றால், அது வீம்பு அன்று, நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று எண்ணத் தெரியவேண்டும். கண்டதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஏனெனில் மருத்துவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம், நமக்குக் கிடைப்பது நாள் முழுதும். நடுக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் சில பழைய மாத்திரைகளே முதியவர்களின் நினைவைக் கலக்குவதுண்டு. அதைச் சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார். நாமாக நிறுத்துவது தவறு. மங்கிய அறிவுக்கும் ஓரளவு உதவும் மருந்து உண்டு. கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பதும் மருந்துதான். அதற்குக் காசு வேண்டியதில்லை.

பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11ஆம் நாளை உலகப் பார்க்கின்சன் நாளாக இன்று நினைவுகூர்கிறார்கள். நோய் தண்டுவடத்தில் இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். அது சரியன்று என்று தெரிந்தது. ஆனால் அறிவு கெடாது என்று அவர் எழுதிய வரியைத் திருத்தும் சான்று, அந்தத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலிருந்தே கிடைத்துக்கொண்டிருக்கிறது. தமக்குப் பின் வருவோர் தேடவேண்டும் என்று அவர் 1817ஆம் ஆண்டில் விடுத்த வேண்டுகோள் வீண்போகவில்லை. பட்டமும் செல்வமும் இல்லாத ஒரு மருந்துக்கடை மருத்துவர், தெருவில் தள்ளாடி வந்த ஏழை ஒருவரை நிறுத்தி, எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையைத்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.